பாக்ஸிங்கை வரையும்போது எல்லாரும் அடி விழும் நொடியையே ஏன் பிடித்துக்கொள்கிறோம்?

கேத்தி கரிக்கோல் (இழையைத் தொடங்கியவர்)

குன்னூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி வைத்திருந்தார்கள். கரு, சண்டை விளையாட்டுகள். பாக்ஸிங், மல்யுத்தம், சிலம்பம், கொஞ்சம் எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை. வரைந்தவர்கள் எல்லாருமே கை தேர்ந்தவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே வரும்போது ஒன்று உறுத்தியது. பாக்ஸிங் படங்களில் முக்கால்வாசி ஒரே நொடியில் நிற்கின்றன. கையுறை தாடையில் பட்டாயிற்று, கன்னம் ஒரு பக்கம் ஒதுங்கியாயிற்று, வியர்வை தெறிக்கிறது. யார் வரைந்தது என்று பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அந்த நொடியை நம் கண் பார்ப்பதே இல்லை. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும் கேமரா பார்க்கிறது. நாம் அதை போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைகிறோம். என் கட்சி இதுதான்: அடி விழும் நொடி போட்டோவின் சொத்து. வரைகிறவர் அதற்கு முன்னால் போகலாம், பின்னால் போகலாம். அதில் மட்டும் போய் உட்காரக் கூடாது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி தாமஸ் ஈகின்ஸ். அமெரிக்க ஓவியர், ஃபிலடெல்ஃபியாக்காரர். 1884இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைபிரிட்ஜ் என்ற போட்டோக்காரர், ஓடுகிறவன் குதிக்கிறவன் என்று அசைவுகளை வரிசை வரிசையாகப் படமெடுக்கத் தொடங்கியபோது ஈகின்ஸும் அங்கே தன் கேமராவோடு நின்றவர். அசைவை போட்டோவில் துண்டு போட்டுப் பார்ப்பதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்சிய ஓவியர் குறைவு. அப்படிப்பட்டவர் 1898, 1899 வாக்கில் பாக்ஸிங்கை மூன்று பெரிய படங்களாக வரைந்தார். ஒன்றில் ஒருவன் மண்டியிட்டுக் கிடக்கிறான், ரெஃப்ரி எண்ணுகிறார். இன்னொன்றில் ஜெயித்தவன் கூட்டத்துக்குக் கை தூக்குகிறான். மூன்றாவதில் இரண்டு ரவுண்டுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், ஒருவர் துண்டால் விசிறுகிறார். மூன்றிலும் அடி கிடையாது. அசைவை அவ்வளவு தெரிந்த மனிதர் அசைவையே விட்டுவிட்டார். இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

உங்கள் கருத்து?

பர்லியார் பலா

சரி, ஈகின்ஸை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸை என்ன செய்வீர்கள்?

1909இல் அவர் வரைந்த ஷார்க்கி கிளப் படம் இப்போது கிளீவ்லேண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது நியூயார்க்கில் பொதுவில் பாக்ஸிங் நடத்தத் தடை. அதனால் சாராயக் கடைக்காரர்கள் பின்னறையில் ‘கிளப்’ என்று பெயர் வைத்து, சண்டை போடுகிறவனை ஒரு ராத்திரிக்கு உறுப்பினராக்கி நடத்தினார்கள். பெல்லோஸின் ஸ்டூடியோ ஷார்க்கி கிளப்புக்கு எதிர்ப்புறம்தான். அங்கே பார்த்ததைத்தான் வரைந்தார். அதில் அடி இருக்கிறது, முட்டல் இருக்கிறது, முகம் இரண்டும் சதைக் குழம்பாக இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அது தோற்ற படமா?

அதில் இருக்கிற சூட்சுமத்தைக் கவனியுங்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தவன் கையுறையின் தையலைக் கூட விட மாட்டான். பெல்லோஸ் அதையெல்லாம் ஒரே தூரிகை இழுப்பில் முடித்துவிடுகிறார். இரண்டு உடம்பும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கூடாரம் போல நிற்கின்றன. ஒருவனை உருவினால் மற்றவன் விழுந்துவிடுவான். ரெஃப்ரி குனிந்து ஓரத்தில் நின்று அந்த முக்கோணத்தை மூடுகிறார். அடி அங்கே ஒரு சம்பவமே இல்லை, எடைதான் சம்பவம்.

ஆக, அடி விழும் நொடியை வரையலாம். போட்டோ பார்ப்பது போலப் பார்க்காமல் வரைய வேண்டும், அவ்வளவுதான்.

கேத்தி கரிக்கோல்

பலா, பெல்லோஸிடமிருந்தே உங்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 1924இல் அவர் டெம்ப்ஸி, ஃபிர்போ என்ற இரண்டு பாக்ஸர்களின் சண்டையை வரைந்தார். விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் படம். சண்டை நடந்தது 1923 செப்டம்பர் 14, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஃபிர்போ அடித்த அடியில் டெம்ப்ஸி கயிற்றுக்கு வெளியே, பத்திரிகைக்காரர்கள் மேல் மல்லாக்க விழுந்தார். பெல்லோஸ் ஒரு பத்திரிகைக்காக வரையப் போய் நேரில் பார்த்தவர். ஆனால் படத்தில் இருப்பது அடி இல்லை, அடிக்கு அப்புறம். ஃபிர்போவின் கை வீசி முடித்துவிட்டது. டெம்ப்ஸி காற்றில் இருக்கிறார். இதில் வேடிக்கை, அந்தச் சண்டையில் ஜெயித்தது விழுகிறவர்தான், இரண்டாவது ரவுண்டில். படத்தைப் பார்க்கிற எவனும் அப்படி நினைக்க மாட்டான்.

பதினைந்து வருடத்தில் அவரே அடியிலிருந்து அரை வினாடி தள்ளிப் போய்விட்டார் பாருங்கள்.

பர்லியார் பலா

தள்ளிப் போனார், சரி. படம் நன்றாக ஆயிற்றா என்றால் எனக்கு இல்லை. 1909 படத்துக்கு முன்னால் 1924 படம் கடை பொம்மை மாதிரி இருக்கிறது. கோடெல்லாம் சுத்தம், உடம்பெல்லாம் வழவழ. இது ரசனை சம்பந்தப்பட்டது, சண்டைக்கு வராதீர்கள்.

டுமீல்

காமிக்ஸ் வரைகிறவன் என்ற முறையில் இந்த இழையைப் படித்து எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அண்ணே, அடி விழும் கட்டம் இல்லாமல் ஒரு சண்டைக் கதை வரைந்து பாருங்கள், வாசகர் காசைத் திருப்பிக் கேட்பார்.

உங்களுக்கு ஒரு தாள், ஒரு படம். எனக்குப் பக்கத்துக்கு ஆறு கட்டம். முதல் கட்டத்தில் தோள் பின்னால் போகும், இரண்டாவதில் கால் திரும்பும், மூன்றாவதில் ‘கும்’ என்று எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே வரும். நான்காவது கட்டத்தில் வாயில் மாட்டிய ரப்பர் மட்டும் தரையில் கிடக்கும். மூன்றாவது கட்டத்தில் சில சமயம் ஆளையே வரைய மாட்டேன். வேகக் கோடும் அந்த எழுத்தும் மட்டும்தான். அப்போதும் படிக்கிறவர்கள் அடியைப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள்.

இது ஒன்றும் புதுசு இல்லை. எகிப்தில் பெனி ஹசன் என்ற ஊரில் பாறையில் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன, சுமார் நாலாயிரம் வருடப் பழசு. அதில் ஒன்றின் சுவரில் மட்டும் இருநூறுக்கும் மேலே மல்யுத்த ஜோடிகள், வரிசை வரிசையாக. பிடி போடுகிறான், தூக்குகிறான், கவிழ்க்கிறான். யார் கை யார் கால் என்று குழம்பக் கூடாது என்பதற்காக ஒருவனுக்கு வெளிர் நிறம், இன்னொருவனுக்கு அடர் நிறம். இன்றைக்கு நான் டேப்லெட்டில் இரண்டு லேயர் போட்டுச் செய்வதும் அதேதான். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் அந்தச் சுவர் ஓடுகிறது. எந்த நொடி முக்கியம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை, எல்லா நொடியும் இருக்கிறது.

பெருமாள்மலை

டுமீல் சொன்ன இரண்டு நிறம் அருமையான விஷயம். மல்யுத்தத்தையும் ஜூடோவையும் கறுப்பு வெள்ளையில் வரைகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. கட்டிப் பிடித்துத் தரையில் உருளும்போது எட்டுக் கைகால் ஒரே மூட்டையாகிவிடும். நான் ஒருவனைக் கோட்டால் மட்டும் வரைந்து, மற்றவனைக் கரியால் நிரப்பிவிடுவேன்.

ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் இதற்கு நேர் எதிராகப் போனார். 1953இல் அவர் வரைந்த இரண்டு உருவங்கள் மைபிரிட்ஜின் மல்யுத்த போட்டோக்களிலிருந்து வந்தவை. அங்கே யார் உடம்பு எங்கே முடிகிறது என்பது தெரியவே கூடாது என்பதுதான் நோக்கம். சண்டையா அணைப்பா என்றும் தெரியாது. ஒரே போட்டோவிலிருந்து இரண்டு பேர் இரண்டு திசைக்குப் போக முடியும் என்றால் குற்றம் போட்டோவுடையது இல்லை. இதை கேத்தி யோசிக்க வேண்டும்.

இழைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. இங்கே கொடைக்கானலில் ஐப்பசி கார்த்திகை மழையில் தாள் எல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடுகிறது. கரி ஒட்டுவதே இல்லை, திட்டுத் திட்டாக நிற்கிறது. நீலகிரிக்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

இந்து நகர்

பெருமாள்மலை, எங்களுக்கு ஆடியிலேயே ஆரம்பித்துவிடும், ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம். தாளை வெளியே வைக்காதீர்கள். தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள், வரையும்போது ஒவ்வொன்றாக எடுங்கள். மேகம் இறங்கியிருக்கும் நாளில் ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் இருக்க அடிக்கிற திரவம்) அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். ஈரத்தாளில் பால்பாயிண்ட் பேனா கரியை விட நன்றாகப் பேசும். அந்த இரண்டு மூன்று மாதம் நான் பேனாவுக்கு மாறிவிடுவேன். சண்டையை வரைய அது நல்ல பழக்கமும் கூட, அழிக்க முடியாது அல்லவா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அதனால் போட்டோவைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ‘அடி விழும் நொடி போட்டோவின் சொத்து’ என்று கேத்தி எழுதியிருக்கிறார். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படம். உள்ளரங்கில் மங்கல் வெளிச்சம். அந்த 36இல் ஒன்று அடியில் அமைந்தால் போட்டோக்காரர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அப்போது அது ஒரு வேட்டை. இப்போது போன் வினாடிக்கு 240 படம் எடுக்கிறது, நடுவில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். அந்த நொடி மலிந்துபோனதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். அதை வரைவதில் பிரச்சினை இல்லை.

இடக்கை ஹவில்தார்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஓவியம் தெரியாது. பட்டாளத்தில் இருந்தபோது பாக்ஸிங் ஆடினேன், இப்போது வெலிங்டன் பக்கம் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். மகள் இந்தப் பக்கத்தைக் காட்டி, ‘அப்பா, நீங்க எழுதுங்க’ என்றாள். தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸிங் படம் பார்த்தால் நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன். பத்துக்கு எட்டுப் படத்தில் பின்னங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வலது கையால் நேர்குத்து விட்டால் வலது குதிகால் தூக்கிக்கொள்ளும், பாதத்தின் முன்பகுதி தரையைத் திருகும், இடுப்பு திரும்பும், தோள் தானாக வந்து தாடையை மூடும். கை கடைசியில்தான் போகிறது. பாதம் தரையோடு இருக்கிறபோது கை மட்டும் நீண்டிருந்தால் அது குத்து இல்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற கை.

இரண்டாவது, அடிக்காத கை. படத்தில் அது எங்கேயோ இடுப்புப் பக்கம் தொங்கும். எங்கள் பையன் அப்படி நின்றால் அங்கேயே நிறுத்தி பத்து தண்டால் எடுக்கச் சொல்வேன். அது கன்னத்தில் இருக்க வேண்டும். களைத்துப்போனவனுக்குத்தான் அது இறங்கும். நீங்கள் களைப்பை வரைய வேண்டுமென்றால் அந்தக் கையை நாலு விரல்கடை இறக்குங்கள், போதும். முகத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, நான் இடக்கைக்காரன். எனக்கும் வலக்கைக்காரனுக்கும் சண்டை என்றால் முன்னங்கால் இரண்டும் ஒன்றை ஒன்று மிதிக்கும். யார் காலை வெளிப்பக்கம் வைப்பது என்பதுதான் பாதிச் சண்டை. மேலே கை ஒன்றும் நடந்திருக்காது, கீழே கால் பேசிக்கொண்டிருக்கும். இதை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் இந்த அடி விழும் நொடி. ரிங்குக்குள் இருக்கிறவன் அதைப் பார்ப்பதில்லை. ‘கையைப் பார்க்காதே, நெஞ்சைப் பார்’ என்றுதான் முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். கையைப் பார்த்தால் ஏமாந்துபோவான். நெஞ்சும் தோளும் பொய் சொல்லாது. வாங்குகிற அடி தெரியாது, வாங்கின பிறகுதான் தெரியும். கொடுக்கிற அடியும் முழங்கையில்தான் தெரியும், கண்ணில் இல்லை.

கேத்தி கரிக்கோல்

ஐயா, நீங்கள் எழுதியதை நகல் எடுத்து வரைபலகைக்கு மேலே ஒட்டிவிட்டேன். அந்த ‘நாலு விரல்கடை’ ஒன்றே போதும்.

என் கட்சிக்கும் இது பலம் சேர்க்கிறது. அடிப்பவரும் பார்ப்பதில்லை, வாங்குபவரும் பார்ப்பதில்லை, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் எட்டுவதில்லை. பின்னே யாருக்காக அதை வரைகிறோம்?

டுமீல்

காசு கொடுத்து வாங்குகிறவருக்காக. 😄

கோத்தகிரி டீச்சர்

ஹவில்தார் சார் ‘பெண் பிள்ளைகளுக்கும்’ என்று எழுதியதைப் பார்த்து உள்ளே வந்தேன். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இழையில் இதுவரை வந்த படங்கள் அனைத்தும் ஆண்கள். 2012 லண்டனில் இருந்து பெண்கள் பாக்ஸிங் ஒலிம்பிக்கில் இருக்கிறது, அந்த முதல் தடவையே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் லவ்லினாவும் வெண்கலம். பெண்கள் ஆடும் பாக்ஸிங்கை இங்கே யார் வரைகிறீர்கள்? வரைகிற சிலரும் விளம்பரப் பலகைக்கு நிற்பவரைப் போல வரைகிறார்கள். கையுறை மாட்டிய மாடல். கழுத்து ஒல்லி, தோள் ஒல்லி. அந்தத் தோளை வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு கையைத் தூக்கி வைத்திருக்க முடியாது.

இன்னொன்று. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 2016 ரியோவிலிருந்து ஹெட்கார்டு (தலைக்கவசம்) கிடையாது, பெண்களுக்கு உண்டு. அதனால் நெற்றியும் கன்னமும் மூடிவிடும், தலைமுடி தெரியாது. முகம் என்று நமக்கு மிஞ்சுவது இரண்டு கண், மூக்கு, மவுத்கார்டு வைத்து உப்பிய உதடு. என் மாணவி ஒருத்தி இதை ஒரு தொடராக வரைகிறாள். ஒவ்வொரு தாளிலும் அந்த ஜன்னல் மட்டும்தான், மீதி வெள்ளை. உடம்பே இல்லாமல் ஒரு சண்டை முழுக்கத் தெரிகிறது. எந்தக் கண் முதல் ரவுண்டு, எந்தக் கண் கடைசி ரவுண்டு என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

அவளிடம் நான் முதலில் காட்டியது மேல்நாட்டு ஓவியம் இல்லை. எங்கள் கோத்தகிரி பக்கத்து வெள்ளரிக்கொம்பை பாறை ஓவியங்களும் அங்கே குறும்பர் பழங்குடியினர் இன்றைக்கு வரையும் படங்களும்தான். அங்கே மனித உருவத்துக்குத் தசை கிடையாது, முகம் கிடையாது. தண்டு ஒன்று, அதிலிருந்து கைகால். ஆனாலும் தேன் எடுக்க ஏறுகிறவன் ஏறுகிறான், ஆடுகிறவன் ஆடுகிறான். சாய்வு ஒன்றை வைத்தே எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். தசை வரைந்தால்தான் வலிமை தெரியும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து.

பர்லியார் பலா

டீச்சர், சாய்வு பற்றிச் சொன்னது நச். பெல்லோஸ் பற்றி நான் எழுதியதும் அதுதான், நீங்கள் நம் ஊரிலேயே எடுத்துக் காட்டிவிட்டீர்கள்.

இதோடு ஒரு யோசனை. முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) தோடர் இளைஞர்கள் திருவிழாவில் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றுவார்களே, அதை யாராவது வரைந்திருக்கிறீர்களா? சண்டை இல்லைதான். ஆனால் எடை எங்கே இருக்கிறது என்று பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது. கல் முழங்காலில் இருந்து நெஞ்சுக்கு ஏறும் அந்த இடத்தில் முதுகு பின்னால் வளையும், இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பும்.

கோத்தகிரி டீச்சர்

வரையலாம், கேட்டுவிட்டு வரையுங்கள். அது அவர்கள் கோவில் விழா. சுற்றுலாக் கூட்டத்தோடு நின்று போனை நீட்டுகிறவர்களால் ஏற்கனவே அவர்களுக்குத் தொந்தரவு.

ஸ்டெத்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். தொழில் மருத்துவம், பொழுதுபோக்கு பென்சில். யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன்.

அடியை அழகாக வரைவது பற்றிப் பேசுகிறோம். 1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோய்க்கூறு நிபுணர் பாக்ஸர்களிடம் தெரியும் தள்ளாட்டத்தையும் குழறலையும் மருத்துவ இதழில் எழுதினார். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் மூளைக்குள் நடப்பது என்ன என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். முகமது அலிக்கு 1984இல் பார்க்கின்சன் என்று சொன்னார்கள், அப்போது வயது 42. அடிகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆனால் நாக்அவுட் என்பது மூளை ஒரு கணம் அணைந்துபோவது, அதில் வாதமில்லை. வியர்வைத் துளியை வைரம் மாதிரி வரைந்து மாட்டுகிறவர்கள் அதை யோசிக்கிறார்களா என்று எனக்கு ஒரு கேள்வி.

ரோமில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, 1885இல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள். கிரேக்க பாக்ஸர், சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் தோல் வார் கட்டு. மூக்கு உடைந்திருக்கிறது, காது வீங்கிக் கருணைக்கிழங்காக இருக்கிறது. காயம் இருக்கிற இடங்களில் செம்பைப் பதித்திருக்கிறார்கள், வெண்கலத்தின் மேல் அது ரத்தமாகவே தெரியும். தொடையிலும் கையிலும் கூட சொட்டு விழுந்திருக்கிறது. தலையை மட்டும் ஒரு பக்கம் திருப்பி மேலே பார்க்கிறார். அதைச் செய்தவர் அழகுக்கும் குறை வைக்கவில்லை, சேதத்தையும் மறைக்கவில்லை. இன்றைய படங்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

இடக்கை ஹவில்தார்

டாக்டர் சொல்வது சரிதான். என்கூட ஆடியவர்களில் பேச்சு குழறுகிறவர் இருக்கிறார். அதனால் நான் சின்னப் பையன்களுக்கு ஸ்பாரிங்கை, அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவதைக் குறைத்து, கோச் கையில் பிடிக்கிற பேடை அடிக்க வைப்பதுதான் அதிகம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பரிதாபப்பட்டு வரைந்தாலும் எங்களுக்குப் பிடிக்காது. ரிங்கில் ஏறியவனைப் பலியாடு மாதிரி வரைந்த படம் ஒன்றை மகள் காட்டினாள். கண்ணில் தண்ணீர், பின்னால் கறுப்பு. எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சை வைத்துக்கொண்டு ‘இன்னொரு ரவுண்டு அண்ணா’ என்பார்கள். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், எதிரி மூலைக்குப் போய் அவன் கோச்சுக்குக் கையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதையும் யாரும் வரைவதில்லை.

பெருமாள்மலை

அதற்கு ஜப்பான்காரர் ஒருவர் கண்டுபிடித்த வழி இருக்கிறது. உஷியோ ஷினோஹாரா, 1960இல் தொடங்கியவர். கையுறையில் பஞ்சைக் கட்டி, மையில் முக்கி, சுவரில் விரித்த தாளை வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார். பாக்ஸிங்கை வரைவதில்லை, பாக்ஸிங்கால் வரைகிறார். பரிதாபமும் இல்லை, பகட்டும் இல்லை. குத்தின கறை மட்டும்தான்.

டுமீல்

அதற்கு நான் என் பையனிடம் தக்காளி சாஸைக் கொடுத்தால் போதும்.

பெருமாள்மலை

பையனின் குத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக வருகிறதா பாருங்கள் டுமீல். ஷினோஹாராவின் நீளமான தாள்களில் கறைகள் ஒரு தாளத்தில் வரும், கடைசியில் மூச்சு வாங்குவதும் தெரியும். கேலி செய்வது சுலபம்.

நெறியாளர்

பெருமாள்மலை, டுமீல், இரண்டு பேரும் மூலைக்குப் போங்கள். இழை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்து நகர்

ஒரு சின்ன விஷயம் பகிர்கிறேன். ஊட்டியில் தை மாதம் விடியற்காலையில் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளே ஸ்கிப்பிங் முடித்துவிட்டு வந்து நிற்கிற பையனின் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் ஆவி எழும்பும். கீழ்நாட்டில் பாக்ஸிங்கை வரைகிறவருக்கு இது கிடைக்காது. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துவிட்டு, ஆவியை ரப்பரால் எடுத்தேன். உடம்பின் வெளிக்கோடு எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் உடம்பு சூடாக இருப்பது தெரிந்தது. அடியும் இல்லை, எதிரியும் இல்லை. கேத்தி கேட்கிற ‘முன்னால், பின்னால்’ கணக்கில் இது எதில் வரும்?

அதே பையன் கையில் சுற்றுகிற துணியைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவான். மூன்று நாள் ஆனாலும் காயாது. அந்த நீளத் துணியையும் வரைந்து வைத்திருக்கிறேன், முட்டி இருந்த இடத்தில் மடிப்பு அப்படியே நிற்கும்.

பர்லியார் பலா

இந்து நகர், அந்த ஆவிப் படத்தை ஏற்றுங்கள் சார், சும்மா ஆசை காட்டாதீர்கள்.

கேத்தி கரிக்கோல்

இந்து நகர் கேள்விக்கு என் பதில்: அது ‘பின்னால்’தான், ஆனால் எந்த அடிக்கும் பின்னால் இல்லை. உழைப்புக்குப் பின்னால். அதைத்தான் நான் அதிகம் பார்க்க ஆசைப்படுகிறேன்.

டுமீலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, போகப்போவதும் இல்லை. ஆறு கட்டம் வைத்திருக்கிறவர் ஒன்றை அடிக்குக் கொடுக்கலாம். ஒரே தாள் வைத்திருக்கிறவன் அதைக் கொடுத்தால் மிச்சம் ஒன்றுமிருக்காது. பெல்லோஸின் 1909 படம் விதிவிலக்கு என்று பலாவுக்காக ஒத்துக்கொள்கிறேன், அது கூட அடிக்கான படம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். டாக்டர் சொன்ன செம்பு ரத்தத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கறுப்பு வெள்ளைத் தாளில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. செங்காவிக் கட்டியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், காயத்துக்கு மட்டும்.

ஹவில்தார் ஐயா சொன்ன இரண்டு முன்னங்காலைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். தாளின் கீழ்ப்பாதி மட்டும், முழங்காலோடு வெட்டிவிட்டேன். இடக்கைக்காரரின் வலது கால், எதிராளியின் இடது கால். படத்தை ஏற்றியிருக்கிறேன். ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.

இடக்கை ஹவில்தார்

பார்த்தேன் தம்பி. கால் நன்றாக வந்திருக்கிறது. வெளியே வைத்தவன் யார் என்று உடனே தெரிகிறது, அவன்தான் அடுத்து அடிப்பான். குதிகால் சரி. ஆனால் ஷூ தப்பு. நீங்கள் போட்டிருப்பது ஓடுகிறவன் ஷூ, அடிப்பாகம் கனம். பாக்ஸிங் ஷூ கணுக்காலுக்கு மேலே வரும், அடி மெல்லிசாக இருக்கும், தரை பாதத்துக்குத் தெரிய வேண்டும். முன்னங்காலின் கட்டைவிரல் எதிராளியை நேராகப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும்.

போட்டோ அனுப்பினால் நீங்கள் அதையே பார்த்து வரைவீர்கள். அதனால் அனுப்ப மாட்டேன். ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள், பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து வரையலாம். டீச்சரும் அந்த மாணவியைக் கூட்டிக்கொண்டு வரலாம். தாள் நனையாமல் கொண்டுவாருங்கள், கூரை ஒரு மூலையில் ஒழுகும். ரிங்கில் ஏறிப் பார்க்க ஆசை இருந்தால் சுத்தமான கேன்வாஸ் ஷூ தனியாகக் கொண்டுவாருங்கள், வெளியே நடந்த செருப்போடு ஏற விடமாட்டேன்.

டுமீல்

ஹவில்தார் சார், நானும் வரலாமா? தக்காளி சாஸ் கொண்டுவர மாட்டேன்.

இடக்கை ஹவில்தார்

வாருங்கள். முதலில் ஸ்கிப்பிங், அப்புறம்தான் படம்.